வலைப்போர் – 17: சிரிக்க மறுத்த மஞ்சள் முகம்

சென்ற வாரம் 2007 டிசம்பர் 19-ல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அப்போது இன்னும் வெளிவந்திராத இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8, ஆசிட்2 சோதனையில் தேறிவிட்டது என்று அதை உருவாக்கிய குழுவின் தலைவர் டீன் ஹச்சமோவிச் அறிவித்த நாள் அது. ஆறு ஆண்டுகள் முரண்டு பிடித்த மைக்ரோசாஃப்ட் ஏன் இறங்கிவந்தது என்பதை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் இல்லாவிட்டால் அந்த டிசம்பரே இல்லை.

ஹோகோன் வியூம் லீ, நார்வேக்காரர். 1994 அக்டோபர் 10 அன்று, ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி, வலைப்பக்கத்தின் தோற்றத்தை அதன் உள்ளடக்கத்திலிருந்து பிரித்து எழுத ஒரு வழி வேண்டும் என்று முன்மொழிந்தவர். சிஎஸ்எஸ் பிறந்த கதை அதுதான். பெர்ட் போஸ் உடன் சேர, 1996 டிசம்பரில் அது முறையான தரநிலையானது. 1999-ல் லீ, ஓஸ்லோவில் இருந்த ஓப்பரா நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆனார். உலகில் பத்தில் ஒன்பது பேர் திறந்துவைத்திருந்த உலாவி, அவர் வகுத்த விதிகளை அரைகுறையாகத்தான் மதித்தது. விதியை எழுதியவரே அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பாக்ஸ் மாடல் சண்டையும் டாட் ஃபாரனரின் முதல் ஆசிட் சோதனையும் முந்தைய வாரங்களில் வந்துவிட்டன. நேரே ஓஸ்லோவுக்குப் போவோம்.

2001 அக்டோபர் 25. விண்டோஸ் எக்ஸ்பி கோலாகலமாக வெளியாகிறது. அதே நாளில் மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் தளமும் புதுக்கோலம் பூணுகிறது. ஓப்பராவிலும் மொசில்லாவிலும் அதைத் திறந்தவர்களுக்குப் பக்கம் வரவில்லை. வேறு உலாவியோடு வரச்சொல்லும் அறிவிப்புதான் வந்தது. கூச்சல் எழுந்ததும் சில நாட்களில் கதவு திறந்தது. தரநிலையை ஆதரிக்கும் உலாவிகளுக்கே இடம் என்று மைக்ரோசாஃப்ட் அப்போது சொன்ன சமாதானத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவற்றில் ஒன்று, அந்தத் தரநிலையை எழுதியவர் வேலைபார்த்த நிறுவனத்தின் உலாவி!

பதினாறு மாதம் கழித்து மறுபடியும் அதே எம்எஸ்என். ஓப்பரா 7 வெளியாகியிருந்தது. அதில் எம்எஸ்என் முகப்பைத் திறந்தால் பத்திகள் இடப்பக்கம் தள்ளிப்போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. பார்க்கிறவர் யாராக இருந்தாலும் உலாவியில்தான் கோளாறு என்பார். லீ அப்படி நினைக்கவில்லை. எம்எஸ்என் அனுப்பும் கோப்புகளை உலாவி இல்லாமல் நேரடியாகத் தருவித்தார். உலாவி ஒவ்வொன்றும் ஒரு தளத்தின் கதவைத் தட்டும்போது தன் பெயரைச் சொல்லித்தான் தட்டும். எக்ஸ்ப்ளோரரின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பாக, அதாவது ஸ்டைல் ஷீட்டாக, ஒன்று வந்தது. ஓப்பரா 7 என்று சொன்னபோது வேறொன்று வந்தது. அந்த இரண்டாவதில், பட்டியல்களின் இடது ஓரத்துக்குக் கழித்தல் 30 பிக்சல் என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. பக்கத்தைக் குலைத்தது அந்த ஒரே வரி. உலாவி சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட கட்டளையே தவறு.

இனித்தான் லீயின் மூளை. பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஓப்ரா வின்ஃப்ரேயை நினைவூட்டும் ஒரு பெயரில் கேட்டுப்பார்த்தார். அப்படி ஓர் உலாவி உலகத்திலேயே கிடையாது. எம்எஸ்என் அந்த இல்லாத உலாவிக்கு, எக்ஸ்ப்ளோரருக்குக் கொடுக்கும் அதே ஸ்டைல் ஷீட்டை அனுப்பியது. பெயர் தெரியாதவருக்குக் கிடைக்கும் நல்ல பக்கம், ஓப்பரா என்ற பெயருக்குக் கிடைக்கவில்லை. ஒரு வழக்கறிஞர் நூறு பக்கம் எழுதியும் காட்ட முடியாததை இந்தச் சின்னச் சோதனை காட்டிவிட்டது. என் கணக்கில், வலை வரலாற்றிலேயே ஆகச்சிறந்த துப்பறிதல் இது.

பதிலடி 2003 பிப்ரவரி 14 அன்று வந்தது. ஓப்பரா 7-க்கு ‘போர்க்’ என்றொரு தனிப் பதிப்பை வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஒழுங்காக வரும். எம்எஸ்என்னைத் திறந்தால் மட்டும், ‘தி மப்பெட் ஷோ’ பொம்மை நிகழ்ச்சியில் வரும் ஸ்வீடன் சமையல்காரரின் உளறல் மொழிக்குப் பக்கத்திலுள்ள எழுத்தெல்லாம் மாறிவிடும். விளையாட்டுக்குள் ஒரு வாதம் இருந்தது. தளம் உலாவியைப் பார்த்து முகம் மாறலாம் என்றால், உலாவியும் தளத்தைப் பார்த்து முகம் மாறலாம். இரண்டும் நடந்தால் வலை என்று ஒன்று மிஞ்சாது. தரநிலை எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. 2004 மே மாதம், ஒரு சமரசத்தில் 1.275 கோடி டாலர் வந்திருப்பதாக ஓப்பரா அறிவித்தது. கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. கொடுத்தது மைக்ரோசாஃப்ட் என்று செய்தி ஏடுகள் எழுதின.

இந்த மனிதரின் கையில் 2005-ல் ஒரு வாய்ப்பு வந்து விழுந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் பில் கேட்ஸ், தம் நிறுவனத்தின் மென்பொருள்கள் பிறருடையவற்றோடு இணங்கி வேலை செய்யும்படியே வடிவமைக்கப்படுகின்றன என்று ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதி வெளியிட்டார். லீ விடுவாரா? பகிரங்கமாகப் பதில் எழுதினார். இணக்கம் பேசுகிற நிறுவனத்தின் வலைப்பக்கங்களும் உலாவியும் அந்த இணக்கத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். அதே பிப்ரவரியில், சான் பிரான்சிஸ்கோ பாதுகாப்பு மாநாட்டு மேடையில் எக்ஸ்ப்ளோரர் 7 வரப்போகிறது என்று கேட்ஸ் அறிவித்தார். 2001-க்குப் பிறகு புதுப் பதிப்பே இல்லாமல் கிடந்த உலாவி! ஃபயர்பாக்ஸ் 1.0 வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. போட்டி என்று ஒன்று வந்தால்தான் இவர்கள் எழுந்திருப்பார்கள் என்பதற்கு அந்தத் தேதிகளே சாட்சி.

மார்ச்சில் லீ சவால் விட்டார். புதிதாக ஒரு சோதனைப் பக்கம் தயாரிப்போம், எக்ஸ்ப்ளோரர் 7 அதைச் சரியாகக் காட்டட்டும். ஓப்பராவில் அவரோடு வேலைபார்த்த இயான் ஹிக்சன் பக்கத்தை எழுதினார். பௌதிகம் படித்தவர், உலாவிகளை உடைத்துப் பார்ப்பதில் அவருக்கு இணை அந்தக் காலத்தில் யாரும் இல்லை. வலைத் தரநிலைகளுக்காகக் குரல்கொடுத்த வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் அமைப்பின் பெயரில் 2005 ஏப்ரல் 13 அன்று ஆசிட்2 வெளியானது.

பார்வைக்கு ஒரு மஞ்சள் முகம், மேலே ஒரு வரி வணக்கம். அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் ஒரு கோடுகூடச் சும்மா போடப்பட்டதல்ல. பக்கத்தை உருட்டினாலும் நெற்றியின் உச்சி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கண்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பொருள்கள் வைத்திருந்தார் ஹிக்சன். வெளியே இருப்பது உலாவிக்குப் புரியாத வகை, அடுத்தது இல்லாத பக்கம். இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதான படத்தை எடுத்துக் காட்டும் உலாவிக்குத்தான் கண் கிடைக்கும். அந்தப் படத்தின் ஒளி ஊடுருவும் பகுதியைச் சரியாகக் கையாளாவிட்டால் கண்ணில் சிவப்பு தெரியும். மூக்கின்மேல் மவுஸைக் கொண்டுபோனால் அது நீலமாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது முகவாய்தான். அங்கே சிஎஸ்எஸ்ஸை வேண்டுமென்றே பிழையோடு எழுதியிருந்தார்கள். இந்தப் பிழைகளைக் கண்டால் எதை ஒதுக்க வேண்டும், எங்கிருந்து மறுபடி படிக்கத் தொடங்க வேண்டும் என்று தரநிலையில் விதி இருக்கிறது. அந்த விதியை மீறி, பிழையான வரிக்கும் இரக்கப்பட்டு உயிர்கொடுக்கும் உலாவி முகத்தைக் கெடுத்துக்கொள்ளும். பிழையை எப்படி நடத்துவது என்பதிலும் எல்லோரும் ஒன்றுபோல் நடந்தால்தான் நாளை புது வசதிகள் சேர்க்க இடம் இருக்கும். இவ்வளவு நுட்பமான விஷயத்தை ஒரு பொம்மை முகத்தின் தாடையில் வைத்துத் தைத்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

அன்று அந்தப் பக்கத்தை எக்ஸ்ப்ளோரர் 6-ல் திறந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்பும் மஞ்சளும் சிதறிய ஒரு களேபரத்தைத்தான் பார்த்தார்கள். ஃபயர்பாக்ஸும் தேறவில்லை, சவால் விட்ட ஓப்பராவே தேறவில்லை. லீ நேர்மையானவர் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். தன் உலாவி ஏற்கெனவே தேறும் ஒரு தேர்வை அவர் வைக்கவில்லை.

அதே வாரங்களில் ஓஸ்லோவில் நடந்த இன்னொரு கூத்தையும் சொல்லாமல் நகர முடியாது. ஏப்ரல் 19 அன்று ஓப்பரா 8 வெளியானது. முதல் நான்கு நாளில் பத்து லட்சம் பேர் இறக்கிக்கொண்டால் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்கு நீந்திப்போவேன், வழியில் ஐஸ்லாந்தில் அம்மா வீட்டில் ஒரு கோப்பை சூடான சாக்லேட்டுக்கு மட்டும் நிற்பேன் என்று நிறுவனத் தலைவர் யோன் ஃபான் டெட்ஸ்னர் சொல்லிவைத்தார். நான்கு நாளில் பத்தரை லட்சம்! ஏப்ரல் 25 அன்று மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஓஸ்லோ வளைகுடாவின் குளிர்ந்த நீரில் இறங்கிவிட்டார். கூடவே ரப்பர் படகில் போன நிறுவனத்தின் செய்தித்தொடர்பாளருடைய படகு ஓட்டையாகிவிட, அவரைக் காப்பாற்றிக் கரைசேர்ப்பதோடு பயணம் முடிந்தது. விளம்பர உத்திதான், மறுக்கவில்லை. ஆனாலும் விண்டோஸோடு சேர்த்தே வீடுதோறும் போய்ச்சேரும் ஓர் உலாவியை எதிர்த்து நின்ற சின்ன நிறுவனத்துக்கு வேறு எந்த ஆயுதம் இருந்தது? உற்சாகம் ஒன்றுதான். போர்க் பதிப்பும் நீச்சலும் மஞ்சள் முகமும் அந்த ஒரே உற்சாகத்தில் பிறந்தவை.

நீச்சல் நடந்து இரண்டே நாளில், ஏப்ரல் 27 அன்று, ஆப்பிளின் டேவ் ஹையட் தம் கையிலிருந்த சஃபாரி ஆசிட்2-வில் தேறிவிட்டதாக அறிவித்தார். ஒவ்வொரு வரிசையிலும் என்ன பிழை, அதை எப்படிச் சரிசெய்தார் என்று நடக்க நடக்கவே எழுதிக்கொண்டு வந்தார். ஜூனில் லினக்ஸின் கான்கரர் தேறியது. 2006 ஜூனில் ஓப்பரா 9. ஃபயர்பாக்ஸ் 2008 ஜூன் வரை காத்திருந்தது. யாரை நோக்கிச் சவால் விடப்பட்டதோ அவரைத் தவிர மற்றவர்களெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் என்ன சொன்னது? 2005 ஜூலையில் எக்ஸ்ப்ளோரர் குழுவின் கிறிஸ் வில்சன் வெளிப்படையாகவே எழுதினார்: எக்ஸ்ப்ளோரர் 7 இதில் தேறாது, இது தரநிலைக்கான தேர்வும் அல்ல, சிலரின் விருப்பப் பட்டியல். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1996-ல் எக்ஸ்ப்ளோரர் 3-க்குள் சிஎஸ்எஸ்ஸைக் கொண்டுவந்த கை அவருடையது. அன்று அந்த நிறுவனம்தான் இதில் எல்லோருக்கும் முன்னால் நின்றது. எதிரி ஒழிந்தான் என்றதும் குழுவைக் கரைத்து, உலகம் முழுவதையும் ஐந்தாண்டு ஒரே இடத்தில் நிற்கவைத்த மேலிடத்து முடிவுதான் இந்தக் கதையின் வில்லன். அதை மன்னிக்க நான் தயாராக இல்லை.

அந்த ஐந்தாண்டின் விலையில் நம் பங்கும் உண்டு. அந்நாளில் தமிழ் இதழ்களின் தளங்கள் பல, எக்ஸ்ப்ளோரர் மட்டுமே படிக்கும் ஒரு வகைக் கோப்பில் எழுத்துருவை வைத்திருந்தன. வேறு உலாவியில் திறந்தால் தமிழுக்குப் பதில் மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக வரும். யூனிகோடுக்கு மாறிய தளங்களிலும் நிம்மதி இல்லை. பத்தியை இருபுறமும் சீராக நிறுத்தச் சொன்னால் ஃபயர்பாக்ஸ் 2-ல் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். மஞ்சள் முகம் இதையெல்லாம் சோதிக்கவில்லை. அதில் இருந்த எழுத்து அந்த ஒரு வரி ஆங்கில வணக்கம் மட்டும்தான், அது ஒரு குறையே. சாதாரண எழுத்துருக் கோப்பை எந்த உலாவியும் இறக்கிக் காட்ட வேண்டும் என்று 2007-ல் குரல் எழுப்பியவரும் லீதான். அடுத்த ஆசிட் சோதனைக்குள் அந்த விஷயம் போய் உட்கார்ந்தது. இன்று எந்தக் கைப்பேசியிலும் ஓர் இதழ் தன் சொந்தத் தமிழ் எழுத்துருவில் படிக்கக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ப்ளோரர் 7, சொன்னபடியே தேறாமல், 2006 அக்டோபரில் வெளியானது. ஐரோப்பிய ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட்மீது புகார் கொடுத்திருப்பதாக 2007 டிசம்பர் 13 அன்று ஓப்பரா அறிவித்தது. அதில் கேட்டவை இரண்டு: விண்டோஸிலிருந்து எக்ஸ்ப்ளோரரைப் பிரிக்க வேண்டும், தரநிலைகளை மதிக்கவைக்க வேண்டும். சரியாக ஆறாவது நாள்தான் ஹச்சமோவிச்சின் அறிவிப்பு. அந்த ஆறு நாட்களையும், ஆசிட்3 வெளியான 2008 மார்ச் 3 அன்றே மைக்ரோசாஃப்ட் தன் இன்னொரு முடிவையும் திருப்பிக்கொண்டதையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)