ஆங்கிலத் தொழிற்பெயரும் யாழ்ப்பாணத்தார் கல்வியும்

ஆங்கிலங் கற்கும் தமிழ் மாணவரை இடர்ப்படுத்தும் இலக்கணப் பகுதிகளுள் ஒன்று, ஒரு வினையைத் தொடர்ந்து மற்றொரு வினை வருங்கால் அஃது எவ்வடிவில் நிற்றல் வேண்டும் என்பது. 'டு' என்னுஞ் சொல்லை முன்னே கொண்டு வருவது இன்பினிற்றிவ். 'இங்' என்னும் ஈறு பெற்றுப் பெயராய் நிற்பது ஜெரண்ட். 'என்ஜோய்' என்பதன் பின் 'ரீடிங்' வரும். 'விஷ்' என்பதன் பின் 'டு ரீட்' வரும். இவ்வேறுபாடு யாது காரணத்தால் என வினவிய மாணவர்க்கு, வழக்கு அவ்வாறு என்னும் விடையும், மனனஞ் செய்தற்கு ஒரு நெடிய சொற்பட்டியலுமே பெரும்பாலுங் கிடைத்தன. யாமும் அப்பட்டியலை உருப்போட்டே தேர்வெழுதினோம். அதன் பின்னுள்ள வரலாற்றைப் பிற்காலத்தில் அறிந்தபோது, எம் கையிலே திறவுகோல் இருக்கவும் சுவரேறிக் குதித்தோம் என்பது தெளிவாயிற்று.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி பரவிய வரலாறு பலரும் அறிந்ததே. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். டானியேல் பூர் அதன் முதல்வராயிருந்தார். 1855 இல் அது மூடப்பட்டதாயினும், அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பீற்றர் பேர்சிவல் நடாத்திய வெஸ்லியன் பாடசாலையிலே ஆறுமுக நாவலர் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆங்கிலமுந் தமிழுங் கற்பித்தார். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், 1872 இல் ஆங்கிலப் பாடசாலையொன்றையும் நிறுவினார்.

அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. அந்நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்க வேண்டியிருந்தவர் தமிழர் மாத்திரமல்லர். பிரான்சிலே தோன்றிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தைத் தம் பணிக்களமாகக் கொண்டனர். அவருட் பலர்க்குப் பிரெஞ்சே தாய்மொழி. 1868 இல் யாழ்ப்பாண மறைமாவட்டத் தலைவரான பொன்ஜீன் ஆண்டகை ஒரு பிரெஞ்சுக்காரர். ஆயினும், அரசாங்கத்தோடு கல்வி பற்றி வாதிடுதற்கு அவர் கைக்கொண்ட மொழி ஆங்கிலம். 1876 இற் கத்தோலிக்கர் இங்கு ஓர் ஆங்கிலப் பத்திரிகையையும், 'சத்தியவேத பாதுகாவலன்' என்னுந் தமிழ்ப் பத்திரிகையையும் வெளியிடலாயினர். ஆகவே, ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஆங்கில வினையை இரு திசைகளிலிருந்து அணுகியோர் இருந்தனர்.

பிரெஞ்சு மொழியினர் இவ்விடத்தில் இடறுவதற்குத் தக்க காரணம் உண்டு. அம்மொழியில் ஒரு வினையைப் பெயர்போல ஆளவேண்டிய இடங்களிற் பெரும்பாலும் இன்பினிற்றிவ் ஒன்றே நிற்கும். 'பேசாமல்' என்பதற்கு 'ஸான் பார்லே' என்பர். 'புறப்படுமுன்' என்பதற்கு 'அவான் த பார்த்திர்' என்பர். ஆங்கிலமோ இவ்விடங்களில் 'இங்' ஈற்றையே வேண்டும். இதிலொரு வியப்பும் உண்டு. 'இங்' ஈற்றைத் தவறாது வேண்டும் 'அவோய்ட்', 'பினிஷ்', 'என்ஜோய்' என்னும் வினைகள், 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் புகுந்தவை. 'பினீர்' என்னும் பிரெஞ்சு வினை தன் பின்னே இன்பினிற்றிவ்வைக் கொள்ளும். அதன் வழிவந்த 'பினிஷ்' ஜெரண்டைக் கொள்ளும். தன் உறவினரே தன்னைக் காட்டிக்கொடுத்தாற்போலும் இது.

இனி, ஜெரண்ட் என்னும் பெயரின் வரலாறு. இலத்தீனில் இவ்விரு வடிவுகளும் ஒரு பெயரின் வேற்றுமைகளைப் பங்கிட்டுக்கொண்டன. எழுவாயாகுமிடத்து இன்பினிற்றிவ் நிற்கும். ஏனை வேற்றுமைகள் பெரும்பாலுஞ் ஜெரண்டுக்கு உரியன. அம்மொழிக்கு அப்பெயர் பொருத்தமானதே. பிற்காலத்திற் பிரெஞ்சு அவ்வடிவை இழந்தது. அங்கு எஞ்சியது 'பாடிக்கொண்டு' என்னும் பொருள்படும் 'ஆன் ஷான்தான்' போன்ற வழக்கு ஒன்றே. அதனையே பிரெஞ்சிலக்கணத்தார் ஜெரோந்திவ் என்பர். அஃது எச்சமேயன்றிப் பெயரன்று. ஐரோப்பிய வடமொழி அறிஞரோ 'கிருத்வா' போன்ற எச்ச வடிவுக்கு இப்பெயரைச் சூட்டினர். திராவிட மொழியாராய்ச்சியாளரிற் சிலர் 'செய்து' என்னும் வாய்பாட்டையும் இப்பெயராற் சுட்டினர். ஆங்கில இலக்கணத்திலோ அது தொழிற்பெயர். ஒரு பெயர் எச்சத்தையும் பெயரையும் ஒருங்கே குறிக்குமாயின், அப்பெயரை நம்பி இலக்கணங் கற்போன் என் செய்வான்!

ஆங்கிலத்தின் சொந்த வரலாறு இதனினும் தெளிவு தருவது. பழைய ஆங்கிலத்தில் 'உங்', 'இங்' என்னும் ஈறுகள் வினையினின்று பெயரை ஆக்கின. 'டு' என்பதோ நான்காம் வேற்றுமைப் பொருளில் வரும் இடைச்சொல். அது வேற்றுமையுருபேற்ற வினைப்பெயரின் முன் நின்று, 'செய்வதற்கு' எனக் குறிக்கோளை உணர்த்திற்று. காலப்போக்கில் உருபு தேய்ந்தொழிய, 'டு' மாத்திரம் நின்றது. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடு ஒன்பதனுள் ஒன்றாக 'செயற்கு' என்பதைக் கூறியிருத்தலை அறிந்தவர்க்கு இதிற் புதுமை யாதுமில்லை. நான்காம் வேற்றுமை எதிர்நோக்குவது. ஆகவே 'டு' பெற்ற வினை இனி நிகழவேண்டுவதை நோக்கும். தொழிற்பெயர் தொழிலை ஒரு பொருளாக நிறுத்துவது. ஆகவே 'இங்' பெற்ற வினை நிகழ்ந்ததையோ, நிகழ்ந்துவருவதையோ, பொதுவாகிய தொழிலையோ குறிக்கும்.

'கதவைப் பூட்ட மறந்தான்' என்பதற்கும், 'கதவைப் பூட்டியதை மறந்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் சிறுவருக்கு எவருங் கற்பிக்க வேண்டியதில்லை. முன்னதிற் கதவு திறந்தே கிடக்கிறது, பின்னதிற் பூட்டப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டு லொக்', பின்னதற்கு 'லொக்கிங்'. 'ஸ்டொப்' என்பதும் அவ்வாறே. 'புகைப்பதை நிறுத்தினான்' என்பது ஜெரண்டு. 'புகைக்க நின்றான்' என்பது இன்பினிற்றிவ். 'வர மறுத்தான்', 'வர இசைந்தான்' என்பவற்றிற்கு 'டு' வரும். 'பேசுவதைத் தவிர்த்தான்' என்பதற்கு 'இங்' வரும். செயவென் எச்சம் எதிர்நோக்குமிடத்து ஒன்று, தொழிற்பெயர் இரண்டாமுருபேற்குமிடத்து மற்றொன்று என இருமொழியும் பல இடங்களில் ஒத்து நடக்கின்றன. பிரெஞ்சு மாணவனுக்கு இல்லாத வசதி இது.

எல்லா இடத்தும் இவ்வுதவி கிட்டும் என யாம் கூறோம். 'போகக் கருதினான்' என்னுந் தமிழை நம்பிக் 'கன்ஸிடர்' என்பதன் பின் 'டு' இட்டவன் பிழைபட்டான். 'பாடத் தொடங்கினான்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டும் வரும். 'படித்து முடித்தான்' என்பதில் நாம் ஆள்வது செய்தென் எச்சம். எனினும் அவ்வெச்சம் முற்றுப்பெற்ற தொழிலை உணர்த்துதலின், 'பினிஷ்' என்பதன் பின் 'இங்' வருதல் பொருளோடு இயைகிறது. இத்தகையவற்றிற்குப் பட்டியல் வேண்டியதே. ஆனால் அப்பட்டியல் சிறிது.

இரு இலக்கணங்களையும் ஒருங்கே அறிந்த பெரியோர் யாழ்ப்பாணத்திற் பலர் இருந்தனர். நாவலர் 'இலக்கணச் சுருக்கம்' எழுதினார். தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தார். தமிழை வடமொழி இலக்கணப் பெயர்களால் விளக்கப் புகுந்த அந்நூலின் இயல்பை அறிந்தவர்க்கு, ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழிக்குச் சூட்டுவதால் வரும் மயக்கம் புதிதன்று. எனினும் ஆங்கிலம் ஆங்கிலத்தின் மூலமே கற்பிக்கப்படல் வேண்டும் என்னும் கொள்கை வலுத்த வகுப்பறைகளில் தமிழிலக்கணத்துக்கு இடமிருக்கவில்லை.

யாம் பயின்ற பாடசாலையில் முற்பகலில் ஆங்கில ஆசிரியர் அறுபது வினைகளைக் கரும்பலகையில் எழுதி, இவை ஒரு பக்கம், இவை மறுபக்கம் என்பார். பிற்பகலிற் பண்டிதர் வந்து அக்கரும்பலகையைத் துடைத்து, 'உண்ண வந்தான்' என எழுதிச் செயவென் எச்சத்தை விளக்குவார்.