ஓதமும் கற்றளமும்

'ஓதம்' நெய்தல் நிலத்துச் சொல். சங்கச் சான்றோர் இதனைக் கடலலை, கடற்பெருக்கு என்னும் பொருள்களில் ஆண்டனர். இன்று வீட்டுச் சுவரிலும் தரையிலும் ஊறி நிற்கும் ஈரத்துக்கு மக்கள் இச்சொல்லையே வழங்குகின்றனர். இராயபுரத்துக் கல்மண்டபம் போன்ற கடலோரப் பகுதியின் பழைய மனைகளை நோக்குவார்க்கு இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொட்டே நிற்றல் விளங்கும். ஆங்கு வீட்டுள் ஏறும் ஈரத்திலும் கடலின் உப்பு உண்டு.

சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அதன் கல்லணைகள் எழுந்தபின், தெற்கே மணல் சேர்ந்து மெரினாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. மணற்பாங்கான நிலம், ஆழமில்லாத நிலத்தடி நீர், உப்புக் காற்று ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் கட்டிய வீட்டுக்குள் ஈரம் புகாமல் முற்றும் தடுத்தல் இயலாது. பழங்கொத்தர் அதற்கு முயலவும் இல்லை. புகுந்த ஈரம் வெளியேற வழிவிட்டனர் என்பதே அவர்தம் திறன்.

அத்திறன் கல்லினும் சுண்ணாம்பிலேயே மிகுதியும் அடங்கியுள்ளது. கட்டடக் கலையில் சுண்ணாம்பின் இடத்தை அறிய மண்டகப்பட்டுக் கல்வெட்டு ஒன்றே சாலும். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிக் கோயில் அமைத்தமையை முதலாம் மகேந்திரவர்மன் அதில் பெருமையாகக் கூறுகின்றான். இவை இல்லாத கட்டடம் அன்று புதுமை என்பது இதனாற் பெறப்படும். சென்னை வட்டாரத்தார் எண்ணூர்க் கழி போன்ற உவர்நீர் நிலைகளின் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றினர். மணலும் செங்கற்பொடியும் கூட்டி, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீர் விட்டு அரைத்தனர். முட்டை வெண்கரு, தயிர், நெய் சேர்த்து மெருகிட்ட மேற்பூச்சைக் கண்ட ஐரோப்பியர் பளிங்கோ என மயங்கினர். ஆயினும் தளத்துக்கு வேண்டியது அம்மெருகன்று. கல்லுக்கு அடியிற் கிடக்கும் பருஞ்சாந்தே.

தளக்கற்கள் இருவகைய. பல்லாவரம் குன்றுகளின் கருங்கல் நீரை உறிஞ்சுவது மிக அரிது. ஆகலின் ஈரம் கல்லின் ஊடே வாராது, இணைப்புகளின் வழியே வரும். கடப்பைக்கல் சுண்ணக்கல் இனத்தது, அடுக்கடுக்காய்ப் பிளப்பது. உப்பு அடுக்கினுள் புகுந்து உறையின் ஏடு ஏடாய்ப் பெயரும். அமிலம் பட்டால் அதன் மெருகு உடனே அழியும். கறைநீக்க அமிலம் ஊற்றிக் கடப்பைத் தளத்தைக் கெடுப்பார் இன்றும் பலர்.

இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்தாலோ, தளத்தின்மேல் மெருகோடுகளைப் பதித்தாலோ நிகழ்வது யாது? தரைவழி ஆவியாக வேண்டிய நீர் சுவரை நாடும். செங்கல்லின் நுண்துளைகள் அதனை முழங்காலளவும் இடுப்பளவும் ஈர்த்து ஏற்றும். நீர் உலர, உப்பு எஞ்சும், பூச்சு உதிரும். வீட்டுக்காரர் சுவரையும் சிமெண்டால் பூசுவர். ஓதம் அதற்கும் மேலே ஏறும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐக் கடந்தால் கறியுப்பே நீரை ஈர்க்கும் இயல்பினது. ஆதலின் மழையற்ற நாளிலும் சுவர் கசிதல் வியப்பன்று. 'வீடு பழையது, இடிப்பதே வழி' என்னும் முடிவு பெரும்பாலும் இங்குதான் பிறக்கிறது. பழுது வீட்டினதன்று, பழுதுபார்த்த முறையினது என்பது எம் கருத்து.

தெருவும் ஒரு காரணமாம். பழைய தார்ப்படலத்தை அகற்றாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை இட்டதனால், படியேறிப் புகுந்த வீடுகள் பல இன்று படியிறங்கிப் புகும் வீடுகளாயின. தெருநீர் உள்ளே வரும்வரை தளத்தைச் செப்பனிடுதல் வீண். முற்றத்து நீர்த்தூம்பைத் திறந்து வாட்டம் சரிசெய்தலே முதற்பணி.

அதன்பின் கற்களுக்கு எண்ணிட்டுப் பெயர்த்தல் வேண்டும். சிமெண்டு அடைப்பை உளியால் மெல்லக் களைந்து, அடிமண்ணைக் காயவிட்டு, செங்கல் சல்லி பரப்பித் திமிசால் இடித்து, சுண்ணாம்புச் சாந்தின்மேல் கற்களை அவ்வவ் விடத்தே பதித்தல் முறை. பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி எடுக்க வேண்டும்; கழுவினால் அது கரைந்து மீண்டும் உட்புகும். இணைப்புக்கும் சுண்ணாம்பே இடுக. மேலே நெய்வண்ணமோ மெருகெண்ணெயோ பூசற்க.

திமிசு, காளவாய், மணியாசுக்கட்டை, கரணை, நீற்றுதல் என்னும் தொழிற்சொற்களைப் பொருளறிந்து ஆளும் முதிய கொத்தர் இன்று சிலரே. அகராதியில் சொல் கிடைக்கலாம்; சாந்தின் பதம் அவர் கையில்தான் உள்ளது. இவ்வேலைக்குரிய பருவம் மாசியும் பங்குனியும் ஆம். ஐப்பசி மழையில் இட்ட சாந்து இறுகாது; கோடை வெயிலில் இட்டதோ விரைந்து காய்ந்து வெடிக்கும். எப்பருவத்தும் ஈரக்கோணியால் சில நாள் மூடி வைத்தல் வேண்டும்.