சபை பாடிய தமிழ்: தஞ்சைக் கீர்த்தனையின் வரலாறு

தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் சங்கீத மும்மூர்த்திகளாய் விளங்கிய நாட்களில், அதே தஞ்சைச் சீமையில் வேறொருவரும் இராகமும் தாளமும் வகுத்துப் பக்திப் பாடல்கள் புனைந்துகொண்டிருந்தார். அவரே வேதநாயக சாஸ்திரியார். 1774-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையிற் பிறந்து, 1864-ஆம் ஆண்டு முதிர்ந்த வயதில் மறைந்தவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்களோடு இவரைச் சேர்த்துக் குழப்புவோர் நம்மவரிடையே உளர். பிள்ளையவர்கள் கத்தோலிக்கர், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர், புராட்டஸ்டண்ட் சபையினர். தமிழ்ச் சபைகளில் இன்று ஞாயிறுதோறும் கேட்கும் கீர்த்தனைகளிற் பல இவர் இயற்றியவை. ஆயினும், அவை தேவாலயத்தின் வாயிலைக் கடந்து உள்ளே புகுந்தது எளிதாய் நிகழ்ந்த காரியம் அன்று.

1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவரும் அவருக்குப்பின் வந்த ஜெர்மானியரும் தம்முடன் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தனர்: ஒன்று வேதம், மற்றொன்று தங்கள் நாட்டுச் சபைப் பாட்டு. வேதத்தைத் தமிழாக்கினர். பாட்டையும் தமிழாக்கினர், ஆனால் மெட்டை மட்டும் மாற்றவில்லை. ஜெர்மானிய மெட்டின் அடியளவுக்குத் தமிழ்ச் சொற்களை நறுக்கி அடுக்கினர். இப்பணியில் மிகச் சிறந்தவர் பெப்ரீசியஸ் ஐயர். 1740-இல் இந்நாட்டுக்கு வந்து, சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் உழைத்து, 1791-இல் இறந்தவர். ‘ஞானப்பாட்டு’ என்று சபையார் வழங்கும் பாடல்களில் அவர் மொழிபெயர்ப்புகள் இன்றும் பாடப்படுகின்றன.

இங்கே ஒன்றைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. அம்மெட்டுக்கள் ஜெர்மனியில் ஏன் பிறந்தன? குருமார் இலத்தீனில் பாட, பொதுமக்கள் பொருளறியாது நிற்கும் நிலையை மாற்ற விரும்பிய லுத்தர், மக்கள் பேசும் மொழியில், மக்கள் வாயில் நிற்கும் மெட்டில் பாட்டுக்களை இயற்றினார். அவர் வழியினரின் முதல் பாட்டுப் புத்தகம் 1524-இல் அச்சேறிற்று. அந்தக் கொள்கையின்படி பார்த்தால், தஞ்சையில் ஒலித்திருக்க வேண்டியது தஞ்சையின் இசையே. கப்பலேறி வந்தது மெட்டு. கொள்கை கரையிலேயே தங்கிவிட்டது.

மெட்டை அப்படியே வைத்துச் சொல்லை மட்டும் மாற்றுவதால் என்ன குறை என்று கேட்கலாம். ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓரசை அழுத்தம் பெறும். அவர்தம் மெட்டு அந்த அழுத்தத்தின்மேல் எழுந்தது. தமிழில் அளவு குறில் நெடிலைப் பற்றியது. ஆகவே ஜெர்மானிய மெட்டில் தமிழைப் பாடுகையில், நீள வேண்டிய நெடில் குறுகி ஓடும். குறுகவேண்டிய குறில் இழுபட்டு நிற்கும். சொல் நடுவே முறிந்து, பாதி ஓரடியிலும் பாதி அடுத்த அடியிலும் விழும். தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்தில் எதுகையை எதிர்பார்க்கிறது. அம்மெட்டோ அடியின் முடிவில் ஓசை ஒத்து வருவதை வேண்டுகிறது. பொருள் புரிவதற்குமுன் பாட்டு முடிந்துவிடும். இத்தனைக்கும் ஞானப்பாட்டை நாம் இகழவில்லை. பல தலைமுறை பழகிய பிறகு அதற்கும் ஓர் உருக்கம் கூடியிருக்கிறது. சவ அடக்கத்தில் அதைக் கேட்டுக் கண்கலங்காத பழைய குடும்பத்தார் குறைவு.

வேதநாயகத்தைச் சிறுவனாகக் கண்டு தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தவர் சுவார்ட்ஸ் ஐயர். தஞ்சை இளவரசர் சரபோஜியும் அவர் அரவணைப்பில் இருந்தவர். இளமையில் ஏற்பட்ட நட்பு, சரபோஜி 1798-இல் அரியணை ஏறிய பின்னரும் நீடித்தது. கோயிலிலும் அரண்மனையிலும் குறவஞ்சி நாடகம் சிறந்து விளங்கிய காலம் அது. சாஸ்திரியார் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். தலைவன் கிறிஸ்து, அவனை நாடி உருகும் தலைவி திருச்சபை. குறி சொல்லும் குறத்தியும், பறவை பிடிக்கும் சிங்கனும் ஒருவர் குறையாமல் வருகின்றனர். தரங்கம்பாடிக் கல்வியில் அவர் கற்ற புதிய வானநூலும் பூகோளமும்கூட அதனுள் இடம்பெற்றன. கேட்டவருக்கு வடிவம் பழகியது, பொருள் புதியது. பழகிய வடிவமாதலால் புதிய பொருள் தடையின்றி உள்ளே சென்றது.

1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிமாருக்கு இது பிடிக்கவில்லை. குறவஞ்சியும் பதமும் கோயில் நாட்டியத்தின் வாசனை உடையவை. வழிபாட்டில் அவற்றுக்கு இடமில்லை என்று அவர்கள் கருதினர். தமிழ்ப் பாட்டும் வாத்தியமும் விலக்கப்பட்டன. பண்டிகைகளில் மலர் சூட்டுவதும் கூடாதென்றனர். பெப்ரீசியஸின் வேத மொழிபெயர்ப்புக்குப் பதிலாகப் புதியது புகுத்தப்பட்டது. சாஸ்திரியார் இவை யாவற்றையும் எதிர்த்து எழுதினார், வாதாடினார். அவருக்கும் மிஷனுக்கும் இருந்த உறவு முறிந்தது. சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார்.

இவ்வளவுடன் நிறுத்திக்கொண்டால் அவர் குறையேதும் இல்லாத வீரராகத் தோன்றுவார். வரலாறு அப்படி விடவில்லை. புதிய மிஷனெரிமார் ஒழிக்க முனைந்த மற்றொன்று, தேவாலயத்தினுள் சாதி சாதியாகப் பிரிந்து அமரும் வழக்கம். வேளாளர் ஒருபுறம், தாழ்த்தப்பட்டோர் மறுபுறம். நற்கருணைப் பந்தியிலும் முன்பின் உண்டு. சாஸ்திரியார் இந்த வழக்கத்தையும் காத்து நின்றார். 1829-இல் அதற்கென நூலே எழுதினார். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டார். தஞ்சைச் சபை அதைக் கேட்டுக் கலங்கிற்று. சாதியைப் பொறுத்தவரை வெளிநாட்டார் பக்கமே நியாயம் இருந்தது. இசையைப் பொறுத்தவரை சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது என்பது எமது துணிபு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதனால், ஒன்றை ஏற்றவர் மற்றொன்றையும் சுமக்க நேர்ந்தது.

மூட்டையை அவிழ்த்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர். முதுமையெய்தியிருந்த சாஸ்திரியாரோடு பழகி, அவர் பாடல்களைத் தெரிந்தெடுத்து, 1853-இல் கீர்த்தனைப் புத்தகம் ஒன்றை அச்சிட்டார். தேவாலயத்தினின்று விலக்கப்பட்ட பாட்டு, ஒரு வெளிநாட்டார் கையாலேயே திரும்பி வந்தது.

வெப் இதனை மேற்கொண்டதற்கு இரசனை மட்டும் காரணமன்று, பயனும் காரணம். ஞானப்பாட்டுக்குக் கையிற் புத்தகம் வேண்டும், எழுத்தறிவு வேண்டும். கீர்த்தனைக்குப் பல்லவி உண்டு. முன்னே நின்று பாடுபவர் சரணத்தைப் பாட, சபையார் பல்லவிக்குத் திரும்பி வருவர். பாட்டின் சாரம் பல்லவியிலேயே அடங்கியிருப்பதால், சரணம் முழுதும் மனப்பாடமாகாத கிழவியும் பொருளை இழப்பதில்லை. வயலிலிருந்து வந்தவர் இரண்டு முறை கேட்டு மூன்றாம் முறை சேர்ந்துகொள்ளலாம். தலைப்பில் இராகமும் தாளமும் குறித்து அச்சிடும் மரபும் இப்புத்தகங்களில் நிலைத்தது.

பின்னர் இவ்வழியில் வந்தோர் பலர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பேரிசைநூலை வெளியிட்டதை நம் அன்பர்கள் அறிவர். அவர் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர் என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. ஈரோட்டில் பணிபுரிந்த பாப்லி ஐயர் கர்நாடக இசையை முறையாகப் பயின்று, 1921-இல் இந்திய இசையைப்பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார்.

ஆயினும் கீர்த்தனை எல்லாத் தமிழருக்கும் தாய்வீடாய் இருந்ததா? இல்லை. அது அரசவையிலும் சபா மண்டபத்திலும் வளர்ந்த இசை. பறையும் தெம்மாங்கும் கேட்டு வளர்ந்த சேரி மக்களுக்கு, ஜெர்மானிய மெட்டும் வெளியார் மெட்டே. கல்யாணி இராகமும் ஓரளவு வெளியார் மெட்டே. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு இதை வெளிப்படையாகச் சொன்னார். ‘பரட்டை’ என்ற பெயரால் அறியப்பட்ட அவர், 2005-இல் மறையும்வரை நாட்டுப்புற மெட்டுக்களில் வழிபாட்டு முறையும் பாடல்களும் அமைத்து, பறையைத் தேவாலயத்துக்குள் கொணர்ந்தார். சாஸ்திரியார் மிஷனெரிமாரை நோக்கிக் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர் சாஸ்திரியாரின் வழித்தோன்றல்களை நோக்கிக் கேட்டார்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்துப் பாடப்படலாயின. கத்தோலிக்க ஆலயங்களிலோ, 1963-இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு இடமளித்த பிறகே பூசையில் தமிழ் பெருகிற்று.

நம்மைப்போல் ஊர்விட்டு வந்து வாழ்வோரின் சபைகளில் இத்தெரிவு வேறு உருவில் எழுகிறது. பாட்டுப் புத்தகம் கையில் இருக்கிறது. அதனைப் படிக்க இயலாத பிள்ளைகள் பலர். வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் கற்பது இந்தியும் ஆங்கிலமும். பாமாலையின்போது அவர்கள் வாய் திறவாமல் நிற்பதைக் காண்கிறோம். கீர்த்தனை தொடங்கினால் முதற் சரணத்தில் மௌனம். இரண்டாம் முறை பல்லவி திரும்பும்போது மெல்லச் சேர்ந்துகொள்கிறார்கள். மூன்றாம் முறை, தாளம் போடுகிறவர்களே அவர்கள்தாம்.