யார் வீட்டுப் பிள்ளை? – அமெரிக்க இளையோர் நாவல்களும் வளர்ப்பு வீடுகளும்

அமெரிக்காவில் 'ஃபாஸ்டர் கேர்' என்றொரு ஏற்பாடு உண்டு. பெற்றோரிடம் விட்டுவைக்க முடியாத பிள்ளைகளை அரசு வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கும். செலவுக்குப் பணமும் தரும். இது தத்து அல்ல. பிள்ளை என்றைக்கு வேண்டுமானாலும் மூட்டை கட்ட நேரலாம். இந்தப் பிள்ளைகளைப் பற்றிய நாவல்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

1853-ல் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்பவர் நியூயார்க்கில் 'சில்ரன்ஸ் எய்டு சொசைட்டி'யைத் தொடங்கினார். மறு ஆண்டே, தெருவில் திரிந்த பிள்ளைகளை ரயிலேற்றி மேற்கே பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தது அந்தச் சங்கம். 1929 வரை ஓடிய இந்த 'அநாதை ரயில்'களில் போனவர்கள் சுமார் 2 லட்சம் பேர். இதில் வேடிக்கை என்னவென்றால், பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்! ஊர் ஊராகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். பிடித்த பிள்ளையை ஊர்க்காரர்கள் கூட்டிப்போவார்கள். சிலருக்கு நல்ல வீடு கிடைத்தது. சிலருக்குச் சம்பளமில்லாத வேலைதான் கிடைத்தது.

பக்கத்து நாடான கனடாவைக் களமாகக் கொண்டு 1908-ல் வந்த 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலிலும் இதே வாசனை உண்டு. பண்ணை வேலைக்குப் பையன் கேட்ட வீட்டுக்குத் தவறுதலாக ஒரு பெண் வந்து சேர்கிறாள். தன் குணத்தால் அவர்கள் மனதை வெல்கிறாள். அதாவது, வீட்டில் இடம் வேண்டுமென்றால் பிள்ளைதான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு மாறியது 1970-களில். அடிபடும் குழந்தைகளைப் பற்றி 1962-ல் மருத்துவர் ஹென்றி கெம்பெயும் சகாக்களும் எழுதிய கட்டுரை நாட்டையே உலுக்கியது. 1974-ல் குழந்தை வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1977-ல் பெட்ஸி பையர்ஸ் 'தி பின்பால்ஸ்' எழுதினார். பின்பால் விளையாட்டில் அங்குமிங்கும் தட்டிவிடப்படும் குண்டுகள் போன்றவர்கள் நாங்கள் என்கிறாள் அதில் வரும் கார்லி. மாற்றாந்தகப்பனிடம் அடி வாங்கிய பெண் அவள்.

அடுத்த ஆண்டே வந்தது கேத்தரின் பேட்டர்சனின் 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்'. இதற்கு 1979-ல் தேசிய நூல் விருது கிடைத்தது. 11 வயது கில்லி திருடுகிறாள், பொய் சொல்கிறாள், வெறுப்பைக் கக்குகிறாள். வளர்ப்புத் தாய் ட்ராட்டர் அவளைக் கைவிடவில்லை. பேட்டர்சனும் சில காலம் கம்போடியப் பிள்ளைகள் இருவரை வளர்த்தவர்தான். சிக்கல் வரும்போதெல்லாம், 'கொஞ்ச நாள்தானே' என்று நினைத்ததைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். அந்த உறுத்தலில் பிறந்ததே இந்த நாவல்.

2017-ல் அதே விருதை இளையோர் பிரிவில் பெற்ற ராபின் பென்வேயின் 'ஃபார் ஃப்ரம் த ட்ரீ'யில் வரும் வாக்கீன், ஃபாஸ்டர் கேரிலேயே வளர்ந்த 17 வயதுப் பையன். தத்தெடுக்க ஆள் வந்தும் அவனுக்குச் சம்மதிக்கப் பயம்!

'இந்தப் பிள்ளை நல்ல பிள்ளையா?' என்று கேட்டன பழைய கதைகள். 'இந்தப் பிள்ளையை இப்படி ஆக்கியது யார்?' என்று கேட்கின்றன புதிய கதைகள். கேள்வி இப்படி மாறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது...