குருதி நீரும் நீர்த்தெள்ளும்

பதினேழாம் நூற்றாண்டில் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரம் ஒருநாள் அச்சத்தில் ஆழ்ந்தது. நீர் குருதியாய் மாறிவிட்டது என்ற செய்தி எங்கும் பரவியதே அதற்குக் காரணம். வரவிருக்கும் பேரழிவின் அறிகுறியோ என மக்கள் கலங்கினர். மருத்துவ அறிஞர் ஒருவர் அந்நீரை முகந்து உற்று நோக்கினார். அதில் குருதி இல்லை; எண்ணிறந்த செந்நிறச் சிற்றுயிர்களே நீந்திக் கொண்டிருந்தன. இந்நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் ஜான் சுவாமர்டாம் (1637-1680). 1669இல் வெளிவந்த தம் நூலில் அவ்வுயிரை விளக்கி, நீர்த்தெள்ளு எனப் பொருள்படும் பெயரை வழங்கியவரும் அவரே.

தெள்ளுப்பூச்சிபோல் துள்ளுவதால் வந்த பெயர் இது. உண்மையில் இது பூச்சியன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓட்டுடலி. இன்றைய அறிவியல் இதனை டாப்னியா என்கிறது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இதன் உடல் கண்ணாடி போன்றது. இதயம் துடிப்பதையும் வெளியிலிருந்தே காணலாம்.

அச்சம் நீங்கிற்று, ஆயினும் ஒரு வினா எஞ்சியது. இவ்வுயிர் சிவப்பது ஏன்? மனிதக் குருதிக்கு நிறமூட்டும் ஹீமோகுளோபினே இதன் குருதியிலும் உள்ளது என்பதை 1871இல் ஆங்கில விலங்கியலார் ரே லங்கெஸ்டர் காட்டினார். அப்படியானால் ஒரு குளத்தில் சிவந்தும் மற்றொன்றில் வெளிறியும் காணப்படுவது எதனால்?

இலண்டன் பெட்ஃபோர்டு கல்லூரிப் பேராசிரியர் மன்றோ ஃபாக்ஸ் 1940களில் இதற்கு விடை கண்டார். உயிர்வளி குறைந்த நீரில் வளர்த்தபோது, வெளிறிய நீர்த்தெள்ளு நாளடைவில் ஹீமோகுளோபினைப் பெருக்கிச் சிவந்தது. உயிர்வளி மிகுந்த நீருக்கு மாற்றியபோது மீண்டும் வெளிறியது. நிறமியின் ஒரு பகுதி தாயின் குருதியிலிருந்து முட்டைகளுக்குச் செல்வதும் தெரிய வந்தது. உயிர்வளி அருகிய நீரில், வெளிறியவற்றைவிடச் சிவந்தவையே நெடுநாள் வாழ்ந்தன. மிகுதியான முட்டைகளையும் ஈன்றன. ஆகவே, லெய்டன் மக்கள் கண்டஞ்சிய நிறம், மூச்சுக்குத் திணறும் சிற்றுயிரின் தற்காப்பேயாகும்.

எனின், எந்நாளும் சிவந்தே இருக்கலாகாதா? நிறமி ஆக்கப் புரதமும் இரும்பும் செலவாகும். சிவந்த உடல் மீன்களின் கண்ணிலும் எளிதில் படும். தேவை நேரும்போது ஆக்குவதும், தீர்ந்தபின் விடுவதுமே சிக்கனம்.

நெருக்கடி முற்றினால் வேறு வழியும் உண்டு. நல்ல காலத்தில் ஆணின் துணையின்றிப் பெண்மகவுகளையே ஈனும் நீர்த்தெள்ளு, உணவு குறைந்து கூட்டம் பெருகும்போது ஆண்களையும் தோற்றுவிக்கும். பின்னர்க் கருவுற்ற முட்டைகள் சேணம் போன்ற உறைக்குள் அடங்கி, வறட்சியையும் உறைபனியையும் தாங்கிப் பல்லாண்டு சேற்றில் உறங்கும். 2011இல் வெளியான ஆய்வு, டாப்னியா இனம் ஒன்றில் ஏறத்தாழ 31,000 மரபணுக்களைக் கண்டது. மனிதனிடம் உள்ளவை சுமார் 20,000 மட்டுமே.

எனினும் இத்தாங்குதிறனுக்கு எல்லை உண்டு. நச்சுக் கழிவு கலந்தால் நீர்த்தெள்ளு அசைவற்றுப் போகும். அதனால்தான் ஆய்வாளர், பிறந்து ஒருநாள் நிரம்பாத குஞ்சுகளைச் சோதனை நீரில் விட்டு, 48 மணி நேரம் கவனித்து நஞ்சின் கடுமையை அளவிடுகின்றனர். அன்று சகுனமெனக் கருதி அஞ்சப்பட்ட உயிர், இன்று மெய்யாகவே எச்சரிக்கை தருகிறது. அன்று வேண்டியது அச்சமன்று, ஆராய்ச்சி. இன்று வேண்டியது அவ்வெச்சரிக்கையைப் புறக்கணியாத பொறுப்பு.