ரயிலைச் சுருக்கலாம்... ஊரைச் சுருக்க முடியுமா? மாடல் ரயில் கலையின் ரகசியம் இதுதான்!

அசோக் நகர் ஃபிளாட் ஹாலுக்குள் ஒரு ரயில் பாதை போட முடியுமா? முடியும். ஆனா, அதுக்குக் கணக்கு மட்டும் போதாது; கலைக்கண்ணும் வேணும்.

'எச்.ஓ.' அளவு என்றால் என்ன?
உலகம் முழுக்கப் பிரபலமான அளவு இது. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் தயாரான, சுமார் 21 மீட்டர் நீள ரயில் பெட்டி, இதில் வெறும் 24.5 செ.மீ.தான். ஐந்தரை அடி பயணி 2 செ.மீ. உயரம்கூட இருக்க மாட்டார்.

சிக்கல் எங்கே?
தூரத்தில்தான். 1 கி.மீ. பாதைக்கே 11.5 மீட்டர் இடம் வேணும். 22 பெட்டி ரயில் மட்டுமே 5 மீட்டரைத் தாண்டிடும். அதனால் ஐந்தாறு பெட்டிகளோடு நிறுத்துவாங்க. பாதை வளைந்து திரும்பும் இடத்தை ஒரு குன்றுக்குப் பின்னால் மறைப்பாங்க. கோடம்பாக்கம் ஸ்டேஷனைச் செய்தால் நடைமேடையின் நீளத்தைக் குறைக்கலாம். மஞ்சள் பெயர்ப்பலகையை விட முடியாது. எதை விடுவது, எதை வைப்பது... கலை அங்கேதான் தொடங்குது.

அழுக்கும் அழகுதான்!
பளபளன்னு இருந்தால் அது பொம்மை. சக்கரத்தில் துருநிறம், கூரையில் தூசி, ஜன்னலுக்குக் கீழே மழைக்கறை தீட்டினால்தான், ஊர் ஊராய் ஓடிவந்த ரயில் மாதிரி தெரியும்.

எங்கே பார்க்கலாம்?
புனேவில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001 முதல் இயங்கும் 'மினியேட்டூர் வுண்டர்லேண்ட்' உலகப் புகழ் பெற்றது.