விஸ்ஸி: கேப்டனாகத் தோற்றவர், நிர்வாகியாகப் பதித்த தடம்

திருப்பதி: திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலோ, அதன் இணைப்பு பெற்ற சித்தூர் கல்லூரிகளிலோ பயிலும் கிரிக்கெட் வீரர் ஒருவர், தென் மண்டலப் பல்கலைக்கழகங்களின் கூட்டு அணிக்குத் தேர்வானால் அவர் களமிறங்கும் போட்டியின் பெயர் ‘விஸ்ஸி கோப்பை’. ஆந்திராவின் விஜயநகரம் அரச குடும்பத்தைச் சேர்ந்த விஜய ஆனந்த கஜபதி ராஜுவின் நினைவாக அமைந்த கோப்பை இது. இந்திய கிரிக்கெட் வரலாற்றில் அதிகம் விமர்சிக்கப்பட்ட கேப்டன்களில் அவரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

விஜயநகரத்தில் இருந்து காசிக்கு

ஹம்பியைத் தலைநகராகக் கொண்டிருந்த விஜயநகரப் பேரரசு வேறு. வட ஆந்திராவில் பூசபாட்டி வம்சத்தினர் ஆண்ட விஜயநகரம் சமஸ்தானம் வேறு. அந்தக் குடும்பத்தின் இரண்டாவது மகனாக 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி பிறந்தவர் விஜய ஆனந்த. இளைய மகன் என்பதால் அரியணை அண்ணனுக்குச் சென்றது. ‘மகாராஜ்குமார்’ என்ற பட்டமே இவருக்குக் கிடைத்தது. அஜ்மீரின் மேயோ கல்லூரியில் கல்வி பயின்ற அவர், பின்னர் குடும்பச் சொத்துகள் இருந்த காசியில் குடியேறினார்.

1926-இல் சொந்தமாக கிரிக்கெட் அணி அமைத்த அவர், அரண்மனை வளாகத்திலேயே மைதானமும் உருவாக்கினார். 1930-31-இல் இங்கிலாந்தின் எம்.சி.சி. அணியின் இந்தியப் பயணம் ரத்தானபோது, ஜாக் ஹாப்ஸ், ஹெர்பர்ட் சட்க்ளிஃப் ஆகிய புகழ்பெற்ற வீரர்களை வரவழைத்து இந்தியாவிலும் இலங்கையிலும் போட்டிகளை நடத்தினார். பதின்ம வயதில் இருந்த முஷ்டாக் அலிக்குக் காசியில் தங்கிப் பயிற்சி பெறவும் வாய்ப்பளித்தார்.

1936: சர்ச்சைக்குரிய தலைமை

பணமும் ஆட்சியாளர்களிடம் இருந்த செல்வாக்கும் 1936-ஆம் ஆண்டு இங்கிலாந்து பயணத்தில் அவருக்கு கேப்டன் பொறுப்பைப் பெற்றுத் தந்தன. மூன்று டெஸ்ட் போட்டிகளின் ஆறு இன்னிங்ஸ்களில் அவர் சேர்த்தது 33 ரன்கள் மட்டுமே. இந்தியா 0-2 என்ற கணக்கில் தொடரை இழந்தது.

இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் சதம் அடித்த லாலா அமர்நாத், ஒழுங்கீனம் எனக் கூறி முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இந்த விவகாரத்தை ஆராய்ந்த நீதிபதி ஜான் பியூமான்ட் தலைமையிலான குழு 1937-இல் அறிக்கை அளித்தது. களத்தில் வீரர்களை நிறுத்துவதிலும், பந்துவீச்சாளர்களை மாற்றுவதிலும், பேட்டிங் வரிசையைப் பேணுவதிலும் கேப்டன் தவறியதாக அந்தக் குழு சுட்டிக்காட்டியது. அதே பயணத்தின்போது பிரிட்டிஷ் அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியது. இந்தியா விடுதலை பெற்ற 1947-இல் அதை அவர் துறந்தார்.

நிர்வாகியாக இரண்டாம் கட்டம்

பல ஆண்டுகளுக்குப் பின் நிர்வாகியாகத் திரும்பிய அவர், உத்தரப் பிரதேச கிரிக்கெட்டின் வளர்ச்சியில் முக்கியப் பங்கு வகித்தார். 1952-இல் அமர்நாத் மீண்டும் இந்திய கேப்டன் ஆவதற்கு அவரே துணை நின்றார். 1954 முதல் 1956 வரை இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகப் பதவி வகித்தார். திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் அதே 1954-இல்தான்.

அவரது அழைப்பை ஏற்று, இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டனான சி.கே.நாயுடு 61-ஆவது வயதில் உத்தரப் பிரதேசத்துக்காக ரஞ்சி கோப்பையில் விளையாடினார். 1958-இல் பத்ம பூஷண் விருது பெற்ற விஸ்ஸி, வானொலி வர்ணனையாளராகவும் அறியப்பட்டார். 1962 தேர்தலில் விசாகப்பட்டினம் தொகுதியில் இருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குத் தேர்வானார். 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காசியில் காலமானார்.

மாணவர்களுக்கான கோப்பை

அவரது மறைவுக்குப் பின் 1966-67 பருவத்தில் விஸ்ஸி கோப்பை தொடங்கப்பட்டது. தனிப் பல்கலைக்கழக அணிகள் 1935 முதல் மோதி வரும் ரோஹின்டன் பாரியா கோப்பையில் இருந்து இது மாறுபட்டது. இங்கு ஒவ்வொரு மண்டலத்திலும் உள்ள பல்கலைக்கழகங்களின் சிறந்த வீரர்கள் ஒரே அணியாகத் திரட்டப்பட்டு, பிற மண்டல அணிகளை எதிர்கொள்கின்றனர். பெரிய நகரங்களின் கிளப் வசதிகள் எட்டாத மாணவர்களுக்கு, கல்லூரி அணியில் இருந்து மண்டல அணி வரை செல்லும் பாதையை இது காட்டுகிறது.

குடும்பச் செல்வாக்கால் கேப்டன் பதவியை அடைந்தவரின் பெயரைத் தாங்கிய கோப்பையில் இடம்பெற, இன்று சித்தூர் மாணவருக்குத் தேவைப்படுவது ரன்களும் விக்கெட்டுகளுமே.